டயர் வண்டியா, பெல்ட் வண்டியா? இன்டர்ஃபேஸுக்குப் பின்னால் யார் வருவது என்பதை ஓடுகிற நேரத்தில் முடிவு செய்வது

நீடாமங்கலம் பக்கத்தில் எங்கள் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்ட போன் பேச்சு இது. அறுப்பு நேரம். அறுவடை வண்டிக்கு ஏஜென்ட்டைக் கூப்பிட்டிருந்தார்.

“வயலு எப்படிங்க இருக்கு?”

“முந்தாநேத்து பேஞ்ச மழ. தண்ணிய வடிச்சுட்டோம். ஆனா கால வச்சா கணுக்கால் வரைக்கும் எறங்குது.”

“அப்ப டயர் வண்டி வேண்டாம், பொதஞ்சிடும். பெல்ட் வண்டி அனுப்புறேன். எத்தன மா?”

“ஒம்போது மா.”

“லாரி நிக்க எடம் இருக்கா?”

“வாய்க்கா மதகுகிட்ட நிறுத்திக்கலாம்.”

பேச்சு முடிந்தது. மறுநாள் காலை லாரியிலிருந்து பெல்ட் வண்டி இறங்கியது.

டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன் (ஒரு கிளாஸுக்கு வேண்டியதை வெளியிலிருந்து கொடுக்கும் முறை) பற்றிப் புதிதாகப் படிக்கிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. “ஒரே இன்டர்ஃபேஸுக்கு மூன்று கிளாஸ் எழுதிவிட்டேன். புரோகிராம் ஓடும்போது எது வேண்டும் என்று எப்படிச் சொல்வது?” இதற்கான விடை முழுவதும் அந்த அரை நிமிடப் போன் பேச்சில் இருக்கிறது. சித்தப்பாவுக்கு வேண்டியது அறுத்த நெல். எந்த வண்டி என்பதை அவர் சொல்லவில்லை, வயலின் நிலையைத்தான் சொன்னார். வண்டியை ஏஜென்ட் தேர்ந்தெடுத்தார், அதுவும் வயலைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு. நம் புரோகிராமிலும் அந்த ஏஜென்ட்டின் வேலையைச் செய்ய ஒருவர் வேண்டும். அவரை எங்கே உட்கார வைப்பது, என்ன கேட்கச் சொல்வது என்பதைப் பார்ப்போம்.

டெல்டாவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு வண்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. டயர் வண்டி ரப்பர் சக்கரத்தில் ஓடுவது. தார் ரோட்டில் தானே ஓட்டி வந்துவிடும், காய்ந்த வயலில் வேகமாக அறுக்கும், ஈர வயலில் புதைந்து நின்றுவிடும். பெல்ட் வண்டிக்குச் சக்கரத்துக்குப் பதில் நீளமான பட்டை. எடை பரவலாக விழுவதால் சேற்றிலும் போகும். ஆனால் ரோட்டில் ஓட்ட முடியாது, லாரியில் ஏற்றித்தான் ஊர் ஊராகக் கொண்டுபோக வேண்டும். இரண்டும் நுழைய முடியாத வயலுக்கு ஆள் அறுப்புதான். அதில் மணிக்கணக்குக் கிடையாது, மா கணக்கில் கூலி. மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி.

நீடாமங்கலம் சுற்றுவட்டாரத்தில் வண்டி வைத்திருக்கிற சிலருக்காக நான் ஒரு சிறிய பதிவு மென்பொருள் எழுதினேன். விவசாயி பெயர், வயல் இருக்கும் ஊர், எத்தனை மா, எந்த நாள் என்று போட்டால் வண்டியை ஒதுக்கி வாடகையைக் கணக்கிட்டுச் சொல்லும். கீழே வரும் உதாரணம் அதிலிருந்து எடுத்ததுதான். எந்த மொழிக்காரரும் படிக்கட்டும் என்று கோடை தமிழிலேயே மாதிரி வடிவில் எழுதியிருக்கிறேன். சி ஷார்ப்போ ஜாவாவோ தெரிந்தவர்கள் அப்படியே மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் இன்டர்ஃபேஸ். இது ஒரு ஒப்பந்தம். “அறுவடை முறை என்று யார் வந்தாலும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்” என்பதுதான் அதன் பொருள்.

```
இன்டர்ஃபேஸ் அறுவடைமுறை
    செய்யமுடியுமா(வயல்)   → ஆம் அல்லது இல்லை
    வாடகை(வயல்)           → ரூபாய்

கிளாஸ் டயர்வண்டி : அறுவடைமுறை
    செய்யமுடியுமா(வயல்) = வயல்.நிலை என்பது காய்ந்தது
    வாடகை(வயல்) = மணிநேரம்(வயல்) × டயர்வாடகை

கிளாஸ் பெல்ட்வண்டி : அறுவடைமுறை
    செய்யமுடியுமா(வயல்) = லாரி நிற்க இடம் இருக்கிறது
    வாடகை(வயல்) = மணிநேரம்(வயல்) × பெல்ட்வாடகை
                   + லாரிக்கூலி(வயல்.ஊர்)

கிளாஸ் ஆள்அறுப்பு : அறுவடைமுறை
    செய்யமுடியுமா(வயல்) = ஆம்
    வாடகை(வயல்) = வயல்.மா × மாக்கூலி
```

வாடகை என்ற வரியை மூன்று கிளாஸிலும் நிதானமாகப் பாருங்கள். டயரில் நேரம் மட்டும். பெல்ட்டில் நேரத்தோடு லாரிக்கூலியும் சேர்கிறது. ஆள் அறுப்பில் நேரமே இல்லை, நிலத்தின் அளவுதான். கேள்வி ஒன்று, கணக்குப் போடும் வழி மூன்று. இன்டர்ஃபேஸ் வேண்டும் என்று சொல்ல இதுதான் அடையாளம். பின்னால் இதற்குத் திரும்ப வருவேன்.

இப்போது இதைப் பயன்படுத்துகிற கிளாஸ். புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குவார்கள்.

```
கிளாஸ் பதிவுச்சேவை
    பதிவுசெய்(வயல்)
        முறை = புதிய டயர்வண்டி()
        தொகை = முறை.வாடகை(வயல்)
        சேமி(வயல், தொகை)
```

“புதிய டயர்வண்டி” என்ற அந்த ஒரு வரிதான் சிக்கல். பதிவுச்சேவையின் வேலை பதிவு செய்வது. அது ஏன் டயர் வண்டியைத் தானே உருவாக்க வேண்டும்? நாளைக்குப் பெல்ட் வண்டி வேண்டுமென்றால் இந்தக் கிளாஸைப் பிரிக்க வேண்டும். டயர் வண்டியின் கன்ஸ்ட்ரக்டரில் (கிளாஸிலிருந்து ஒரு பொருளை உருவாக்கும் பகுதியில்) ஏதாவது ஒன்று கூடினால் இங்கேயும் மாற்ற வேண்டும். பதிவு சரியாக நடக்கிறதா என்று சோதிக்க வேண்டுமென்றால் டயர் வண்டியின் வாடகைப் பட்டியல், தரவுத்தளம் எல்லாவற்றையும் கூடவே இழுத்து வர வேண்டும்.

இதற்கு மாற்று எளிமையானது. வேண்டியதை உள்ளே உருவாக்காமல், வெளியிலிருந்து கன்ஸ்ட்ரக்டர் வழியாக வாங்கிக்கொள்வது.

```
கிளாஸ் பதிவுச்சேவை
    கன்ஸ்ட்ரக்டர்(அறுவடைமுறை முறை)

    பதிவுசெய்(வயல்)
        தொகை = முறை.வாடகை(வயல்)
        சேமி(வயல், தொகை)
```

டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன் என்பது இவ்வளவுதான். பெயர் பெரிது, விஷயம் சிறிது. இந்தப் பழக்கம் முன்பே இருந்தது. 2004 ஜனவரியில் மார்ட்டின் ஃபௌலர் எழுதிய ஒரு கட்டுரைதான் இந்தப் பெயரைப் பரவலாக்கியது. கன்டெய்னர் என்பது இதற்குத் துணைக் கருவி. “அறுவடைமுறை என்று யாராவது கேட்டால் டயர்வண்டியைக் கொடு” என்று புரோகிராம் தொடங்கும் இடத்தில் ஒருமுறை பதிந்து வைத்தால், கேட்கிறவர்களுக்கெல்லாம் அது உருவாக்கிக் கொடுத்துவிடும். கன்டெய்னர் இல்லாமலும் இன்ஜெக்‌ஷன் செய்யலாம். சின்னப் புரோகிராமுக்கு நான் கையால்தான் கோர்ப்பேன்.

இதுவரை பாடநூல்கள் நன்றாகவே சொல்லிக் கொடுத்துவிடும். தடுமாற்றம் அடுத்த அடியில்தான் தொடங்குகிறது. ஒன்றுக்குப் பதில் மூன்றையும் கன்டெய்னரில் பதிந்துவிட்டோம். இப்போது பதிவுச்சேவை “ஒரு அறுவடைமுறை கொடு” என்று கேட்டால் எது வரும்?

கன்டெய்னருக்குக் கன்டெய்னர் பதில் வேறு. டாட்நெட்டோடு (சி ஷார்ப் புரோகிராம்கள் ஓடும் தளம்) வருகிற கன்டெய்னர் சத்தமே போடாமல் கடைசியாகப் பதிந்ததைக் கொடுத்துவிடும். ஆள் அறுப்பைக் கடைசியில் பதிந்திருந்தால் எல்லா வயலுக்கும் ஆள் அறுப்புதான். யாரோ பதிவு வரிகளை அகர வரிசைப்படி அடுக்கி வைத்தால் போதும், மறுநாளிலிருந்து வேறு வண்டி போகும். ஜாவாக்காரர்கள் பயன்படுத்தும் ஸ்பிரிங் அப்படி விடாது. மூன்று பேர் பொருந்துகிறார்கள், யார் என்று தெரியவில்லை என்று பிழை காட்டித் தொடங்கும்போதே நின்றுவிடும். ஒன்றுக்குப் பிரைமரி என்று குறி வைத்தாலோ, கேட்கிற இடத்தில் குவாலிஃபயர் போட்டுப் பெயரைச் சொன்னாலோ நகரும். இந்த விஷயத்தில் ஸ்பிரிங்கின் கண்டிப்புதான் எனக்குப் பிடிக்கும். சந்தேகம் இருக்கிற இடத்தில் நின்று கேட்பதுதான் பணம் சம்பந்தப்பட்ட மென்பொருளுக்குப் பாதுகாப்பு.

ஆனால் பிரைமரியும் குவாலிஃபயரும் நம் கேள்விக்கு முழுப் பதில் ஆகாது. குவாலிஃபயரில் “பெல்ட்” என்று எழுதினால் அந்தக் கிளாஸுக்கு எப்போதும் பெல்ட்தான். சித்தப்பாவின் வயலுக்கும் பெல்ட், காய்ந்து வெடித்த வயலுக்கும் பெல்ட்.

எந்த முடிவு எப்போது தெரியவரும் என்பதைப் பிரித்துப் பார்க்காமல் இது புரியாது. எங்கள் ஊர்த் தண்ணீரை வைத்தே சொல்கிறேன். மேட்டூர் அணையைக் குறுவைக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. நீர் இருப்பைப் பொறுத்து முன்னே பின்னே ஆகும். 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-ல் ஜூலை 28 ஆகிவிட்டது. எப்படியானாலும் அது பருவத்துக்கு ஒருமுறை எடுக்கிற முடிவு. அந்தத் தண்ணீர் கல்லணை வந்து, வெண்ணாற்றில் இறங்கி, நீடாமங்கலம் மூணாறு தலைப்புக்கு வருகிறது. அங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. எந்த ஷட்டரை எவ்வளவு தூக்குவது என்பதை ஜூன் மாதமே எழுதி வைத்துவிட முடியாது. அன்றைக்கு எவ்வளவு தண்ணீர் வருகிறது, எந்தப் பக்கம் பயிர் காய்கிறது, எந்தப் பக்கம் மழை பெய்து போதும் என்றாகிவிட்டது என்று பார்த்து அங்கேயே ஏற்றி இறக்குகிறார்கள்.

புரோகிராமிலும் இரண்டு வகை முடிவு உண்டு. தொடங்கும்போதே தெரிந்துவிடுவது ஒன்று: சோதனைக் கணினியா, உண்மையான சர்வரா, எந்தத் தரவுத்தளம், குறுஞ்செய்தி அனுப்ப எந்தச் சேவை. இதற்குக் கான்ஃபிக் ஃபைலை (அமைப்புகளை எழுதி வைக்கும் ஃபைல்) படித்து, பொருத்தமான ஒரு கிளாஸை மட்டும் கன்டெய்னரில் பதிந்தால் போதும். மேட்டூர்த் திறப்பு மாதிரி. ஒவ்வொரு வேண்டுகோளும் வரும்போதுதான் தெரிவது இன்னொன்று: இந்த வயல் ஈரமா, இந்த வாடிக்கையாளர் எப்படிப் பணம் கட்டுகிறார், இந்த ஃபைல் எந்த வடிவில் இருக்கிறது. இது மூணாறு தலைப்பு. இதைக் கன்டெய்னரின் பதிவு வரிகளில் தீர்க்கப் பார்த்தால் தவறாகத்தான் முடியும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் முதல் பதிப்பில் வயலின் நிலை என்ற புலமே கிடையாது. பருவத்தை வைத்துத் தீர்த்துவிடலாம் என்று நினைத்தேன். குறுவை அறுப்பு செப்டம்பர், அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வரும், அதற்குப் பெல்ட். சம்பா அறுப்பு பொங்கலை ஒட்டி, பனிக்காலத்தில் வயல் காய்ந்திருக்கும், அதற்கு டயர். கான்ஃபிக் ஃபைலில் “பருவம்: சம்பா” என்று ஒரு வரி. தொடங்கும்போது அதைப் படித்து டயர்வண்டியை மட்டும் பதிவேன். பார்க்க மிகச் சுத்தமாக இருந்தது.

2023 பிப்ரவரி முதல் வாரத்தில் டெல்டா முழுக்கப் பருவம் தப்பிய மழை பெய்தது. முற்றிய சம்பாக் கதிர் வயலிலேயே சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. என் மென்பொருள் அப்போதும் எல்லாப் பதிவுக்கும் டயர் வண்டியை ஒதுக்கி, லாரிக்கூலி இல்லாத வாடகையைச் சொல்லிக்கொண்டிருந்தது. வண்டிக்காரர்கள் போனில் பேசி நிலைமையைச் சமாளித்துக்கொண்டார்கள். ஆனால் ரசீதில் இருந்த தொகை ஒன்று, கேட்ட தொகை ஒன்று. ஏற்கெனவே நஷ்டத்தில் நிற்கிற விவசாயி கையில் ரசீதை வைத்துக்கொண்டு “இதுல இவ்ளோதான போட்டிருக்கு?” என்று கேட்டால் யார் என்ன பதில் சொல்வது? கான்ஃபிக்கைப் பெல்ட் என்று மாற்றினாலும் தீரவில்லை. மேட்டு வயல்கள் மூன்று நாளில் காய்ந்துவிட்டன, அவற்றுக்கு டயரே போதும். பருவத்துக்கு ஒரு விடை, ஊருக்கு ஒரு விடை என்று எதுவும் சரிப்படவில்லை. விடை வயலுக்கு வயல் வேறு. இது தொடங்கும்போது எடுக்கிற முடிவே கிடையாது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

சரி, ஏஜென்ட்டை உள்ளே கொண்டுவருவோம். பதிவுச்சேவைக்கு இனி ஒரு வண்டியைக் கொடுக்கப் போவதில்லை. வண்டியைத் தேர்ந்தெடுத்துத் தருகிறவரைக் கொடுக்கப் போகிறோம்.

```
கிளாஸ் வண்டிஏஜென்ட்
    கன்ஸ்ட்ரக்டர்(எல்லா அறுவடைமுறைகள் முறைகள்)

    தேர்ந்தெடு(வயல்)
        முன்னுரிமைப்படி ஒவ்வொரு முறைக்கும்:
            முறை.செய்யமுடியுமா(வயல்) என்றால்
                முறையைத் திருப்பிக் கொடு
        பிழை காட்டு: "இந்த வயலுக்கு முறை இல்லை"

கிளாஸ் பதிவுச்சேவை
    கன்ஸ்ட்ரக்டர்(வண்டிஏஜென்ட் ஏஜென்ட்)

    பதிவுசெய்(வயல்)
        முறை = ஏஜென்ட்.தேர்ந்தெடு(வயல்)
        தொகை = முறை.வாடகை(வயல்)
        சேமி(வயல், தொகை)
```

“எல்லா அறுவடைமுறைகள்” என்று பட்டியலாகக் கேட்டால், பதிந்து வைத்த மூன்றையுமே கன்டெய்னர் கொடுக்கும். டாட்நெட்டில் ஐஎன்யூமரபிள் என்று கேட்க வேண்டும், ஸ்பிரிங்கில் லிஸ்ட். ஏஜென்ட் ஒவ்வொன்றையும் “உன்னால் முடியுமா?” என்று கேட்கிறார். முதலில் ஆம் என்பது யாரோ அவருக்கு வேலை.

முன்னுரிமை என்ற சொல்லைக் கவனியுங்கள். காய்ந்த வயலில் டயர், பெல்ட், ஆள் மூன்றுமே ஆம் என்றுதான் சொல்லும். செலவு குறைந்ததை முதலில் கேட்க வேண்டும். டாட்நெட் கன்டெய்னர் பட்டியலைப் பதிந்த வரிசையிலேயே கொடுக்கும் என்பதால், டயரை முதலில் பதிந்தால் போதுமே என்று தோன்றும். அதை நம்பாதீர்கள். வரிசைக்கு அர்த்தம் இருக்கிறது என்பது பதிவு வரிகளைப் பார்க்கிற அடுத்த ஆளுக்குத் தெரியாது. ஒவ்வொரு முறைக்கும் முன்னுரிமை எண் ஒன்றை வெளிப்படையாகக் கொடுத்து, ஏஜென்ட் அதை வைத்து அடுக்கிக்கொள்வதே நல்லது.

இன்னொரு வழி, சாவி வைத்துக் கேட்பது. பதிவு செய்கிறவரே திரையில் “பெல்ட்” என்று தேர்ந்தெடுத்துவிட்டார், அந்தச் சொல் கையில் இருக்கிறது என்றால் ஒவ்வொருவரையும் விசாரிக்கத் தேவையில்லை. சொல்லுக்கு எதிரே எந்தக் கிளாஸ் என்று ஒரு அட்டவணை போதும். ஸ்பிரிங்கில் மேப் என்று கேட்டால் பீன் பெயரை (கன்டெய்னரில் பதிந்த பொருளின் பெயர்) சாவியாக வைத்து எல்லாவற்றையும் தந்துவிடும், தனியாக எதுவும் எழுத வேண்டாம். டாட்நெட்டில் 2023 நவம்பரில் வந்த எட்டாம் பதிப்பிலிருந்து கீட் சர்வீசஸ் என்ற வசதி கன்டெய்னரிலேயே இருக்கிறது. ஒரே இன்டர்ஃபேஸை “டயர்”, “பெல்ட்”, “ஆள்” என்று மூன்று சாவிகளில் பதியலாம்.

இந்த இடத்தில் பலர் வழுக்குகிறார்கள் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். கீட் சர்வீசஸில் இரண்டு விதமாகக் கேட்கலாம். கன்ஸ்ட்ரக்டரின் அளவுருவுக்கு மேலே குறியிட்டு, அதில் சாவியை எழுதிவிடுவது ஒன்று. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்தச் சாவியைக் கோட் எழுதும்போதே மாறிலியாக எழுத வேண்டும். வயலைப் பார்த்த பிறகு அங்கே எதையும் மாற்ற முடியாது. அது ஸ்பிரிங்கின் குவாலிஃபயர் செய்கிற அதே வேலைதான். ஓடும்போது சாவி மாற வேண்டுமென்றால், கன்டெய்னரிடமே போய் “இந்தச் சாவிக்கு உரியதைக் கொடு” என்று மாறியில் இருக்கும் சாவியைக் கொடுத்துக் கேட்க வேண்டும். அது இரண்டாவது விதம்.

அப்படிக் கேட்கிற உரிமையைக் கண்ட இடத்திலும் கொடுக்காதீர்கள். எல்லாக் கிளாஸும் கன்டெய்னரைக் கையில் வைத்துக்கொண்டு வேண்டியதைக் கேட்டுக்கொள்ளத் தொடங்கினால், ஒரு கிளாஸுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று அதன் கன்ஸ்ட்ரக்டரைப் பார்த்துச் சொல்ல முடியாது. சர்வீஸ் லொக்கேட்டர் என்று பெயர் சொல்லிக் கண்டிக்கிற பழக்கம் இதுதான். கன்டெய்னரோடு பேசுவது வண்டிஏஜென்ட் ஒருவர் மட்டும். பதிவுச்சேவைக்கு ஏஜென்ட்டைத் தெரியும், கன்டெய்னரைத் தெரியாது. எங்கள் சித்தப்பாவிடம் ஏஜென்ட்டின் நம்பர் இருக்கிறது. மாவட்டத்தில் உள்ள எல்லா வண்டி டிரைவர்களின் நம்பரும் அவருக்கு எதற்கு?

இரண்டு வழியில் எதை எடுப்பது? தேர்வுக்கான விதி எளிமையானதா, சிக்கலானதா என்பதைப் பொறுத்தது. கையில் ஒரு சொல் இருந்தால் சாவி. நிலை, லாரி இடம், மா அளவு என்று பலவற்றைப் பார்க்க வேண்டுமென்றால் விசாரிக்கும் வழி. என் மென்பொருளில் விசாரிக்கும் வழிதான் பொருந்தியது. பெல்ட் வண்டிக்கு லாரி நிற்க இடம் வேண்டும் என்ற அறிவு பெல்ட்வண்டிக் கிளாஸுக்குள்ளேயே இருக்கிறது, ஏஜென்ட்டுக்கு அது தெரிய வேண்டியதில்லை. இதில் ஒரு செலவு உண்டு. பட்டியலாகக் கேட்கும்போது மூன்று பொருளும் உருவாகிவிடும், பயன்படுத்துவது ஒன்றாக இருந்தாலும். கன்ஸ்ட்ரக்டரில் கனமான வேலை எதுவும் செய்யாமல் இருந்தால் இது ஒரு பொருட்டே இல்லை. ஒன்றை உருவாக்கவே நேரம் ஆகிறது என்றால் டாட்நெட்டில் கீட் சர்வீசஸுக்கு மாறுங்கள், அதில் கேட்டது மட்டும்தான் உருவாகும்.

ஏஜென்ட்டின் கடைசி வரியையும் பாருங்கள். ஒருவரும் பொருந்தவில்லை என்றால் பிழை. “எதுவும் பொருந்தாவிட்டால் டயர்வண்டி” என்று எழுதி வைக்க எல்லோருக்கும் ஆசை வரும். எழுதாதீர்கள். சாவி வழியில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். ஒருவர் “பெல்ட்” என்று அடிப்பார், இன்னொருவர் “பெல்ட் ” என்று பின்னால் ஒரு இடைவெளியோடு அடிப்பார், மூன்றாமவர் “பெல்ட்டு” என்பார். மூன்றில் இரண்டு அட்டவணையில் இருக்காது. பிழை வந்தால் பதிவு செய்கிறவர் அங்கேயே திருத்திவிடுவார். பிழை வராமல் டயர் வண்டி போய்விட்டால், அது சேற்றில் சாய்ந்து நிற்கும்போதுதான் தெரியும். அதை இழுக்க இன்னொரு வண்டி வர வேண்டும், அன்றைக்கு அந்த இரண்டு வண்டியும் அறுத்திருக்க வேண்டிய வயல்கள் அப்படியே கிடக்கும். சாவிகளைத் தட்டச்சுச் சொல்லாக விடாமல், முன்பே வரையறுத்த பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வையுங்கள்.

ஆயுட்காலம் பற்றி ஒரு எச்சரிக்கை, சுருக்கமாக. டாட்நெட் கன்டெய்னரில் ஒரு பொருள் எவ்வளவு நேரம் வாழும் என்பதற்கு மூன்று வகை உண்டு. சிங்கிள்டன் புரோகிராம் முடியும்வரை ஒன்றே ஒன்று. ஸ்கோப்டு ஒரு வேண்டுகோளுக்கு ஒன்று. டிரான்சியன்ட் கேட்கும்போதெல்லாம் புதிது. பெல்ட்வண்டிக் கிளாஸ் லாரிக்கூலியைத் தரவுத்தளத்தில் பார்க்கிறது, தரவுத்தள இணைப்பு ஸ்கோப்டு, அதனால் பெல்ட்வண்டியும் ஸ்கோப்டு. இந்த நிலையில் வண்டிஏஜென்ட்டை மட்டும் சிங்கிள்டனாகப் பதிந்தால், முதலில் உருவான பெல்ட்வண்டியையும் அதன் இணைப்பையும் அவர் பிடித்து வைத்துக்கொள்வார். டெவலப்மென்ட் சூழலில் ஓட்டினால் கன்டெய்னர் இதைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடும், உண்மையான சர்வரில் அந்தச் சோதனை இயல்பாக ஓடாது. தேர்ந்தெடுக்கிறவரின் ஆயுள், அவர் தேர்ந்தெடுக்கும் பொருள்களின் ஆயுளைவிட நீளமாக இருக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் ஏஜென்ட்டையும் ஸ்கோப்டாகவே பதியுங்கள்.

இவ்வளவையும் கற்றுக்கொண்ட உற்சாகத்தில் எல்லாவற்றுக்கும் இன்டர்ஃபேஸ் எழுதத் தொடங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நெல் கொள்முதலுக்கு ஒரு கணக்கு எழுதிய ஒருவர், சன்ன ரகத்துக்கு ஒரு கிளாஸ், பொது ரகத்துக்கு ஒரு கிளாஸ், இரண்டுக்கும் பொதுவாக ஒரு இன்டர்ஃபேஸ், அதற்கு ஒரு தேர்வாளர் என்று கட்டியிருந்தார். 2024-25 பருவத்தில் மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்குப் பொது ரகம் 2,300 ரூபாய், சன்ன ரகம் 2,320 ரூபாய். அடுத்த பருவத்தில் 2,369, 2,389. எடையை விலையால் பெருக்குகிற வேலை இரண்டிலும் ஒன்றே, மாறுவது எண் மட்டும். எண் மட்டும் மாறினால் அது அட்டவணையில் ஒரு வரி, ஆண்டுதோறும் அந்த வரியைத் திருத்தினால் முடிந்தது. டயர், பெல்ட், ஆள் அறுப்பில் கணக்குப் போடும் வழியே வேறு என்று முன்னால் பார்த்தோமே, அந்த வேறுபாடு இருக்கும் இடத்தில்தான் தனித்தனிக் கிளாஸ் தன் செலவுக்கு ஈடு கொடுக்கும்.

சோதனை எழுதும்போது இந்த அமைப்பின் சுகம் தெரியும். பதிவுச்சேவையைச் சோதிக்க உண்மையான வண்டி எதுவும் வேண்டாம். எந்த வயலைக் கேட்டாலும் “முடியும், வாடகை 1,000” என்று சொல்லும் ஒரு பொய் வண்டியை மூன்று வரியில் எழுதி, அதை மட்டும் வைத்து ஒரு ஏஜென்ட்டை உருவாக்கிக் கொடுத்துவிடலாம். ஏஜென்ட்டைச் சோதிப்பதற்கு வயல்கள்தான் வேண்டும்: காய்ந்த வயல், கால் இறங்குகிற வயல், ஈரமாக இருந்தும் லாரி நிற்க இடமில்லாத வயல். மூன்றாவதற்கு ஆள் அறுப்பு வருகிறதா என்று பாருங்கள். நிலை என்ற புலம் காலியாக இருக்கும் வயலையும் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். என் கோடில் அதற்குப் பெல்ட் வண்டி வந்தது. நிலை தெரியாத வயலைப் பதிவே செய்யக் கூடாது என்ற சோதனையை அதன் பிறகுதான் பதிவுச்சேவையின் முதல் வரியில் சேர்த்தேன்.

போன குறுவையில் வண்டிக்காரர் ஒருவர் சின்ன பெல்ட் வண்டி வாங்கினார். பெரிய வண்டி போக முடியாத உள்வயலுக்கு, அடுத்தவர் வரப்பை உடைக்காமல், வாய்க்கால் கரையோடு போய்விடும். லாரி தேவையில்லை, டிராக்டர் டிரெய்லரே போதும். நான் எழுதியது சின்னபெல்ட்வண்டி என்ற ஒரு புதிய கிளாஸ்: டிரெய்லர்க்கூலி சேர்த்த வாடகை, நான்கு மாவுக்கு மேல் என்றால் முடியாது என்ற விதி, பெல்ட்டுக்கும் ஆளுக்கும் நடுவில் ஒரு முன்னுரிமை எண். கன்டெய்னரில் ஒரு வரி. ஏஜென்ட்டைத் தொடவில்லை, பதிவுச்சேவையைத் திறக்கவே இல்லை. லாரி நிற்க இடமில்லாமல் அதுவரை ஆள் அறுப்புக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு மூன்று மா வயலுக்கு மறுநாள் காலை பதிவு போட்டார்கள். திரையில் சின்ன பெல்ட் வண்டி என்று வந்தது.